இன்ஜின் மாத்துனப்புறம் லீன் கோட், மைலேஜும் காலி: எங்கேர்ந்து பாக்க ஆரம்பிக்கறது

என் வேகன்ஆர் (1 லிட்டர், 3 சிலிண்டர் கே10பி) போன வருசம் உளுந்தூர்பேட்டை தாண்டி ரோட்லயே கொதிச்சு நின்னுச்சு. இன்ஜின் ஹெட்டைக் கழட்டிப் பாத்தா வளைஞ்சிருக்கு, சிலிண்டர் உள்சுவத்துலயும் கோடு. எல்லாத்தையும் சரி பண்ற செலவுக்கு ஒரு செகண்ட்ஸ் இன்ஜினே வாங்கிடலாம்னு சென்னை புதுப்பேட்டைல தேடி அதே கே10பி ஒண்ணை எடுத்து மாத்தியாச்சு. வண்டி ஸ்டார்ட் ஆச்சு, சத்தம் நல்லா இருந்துச்சு, சந்தோசம் ஒரு வாரம். அதுக்கப்புறம் இன்ஜின் லைட் வந்துச்சு, ஸ்கேனர் போட்டா பி0171னு ஒரு ஃபால்ட் கோட், அதாவது 'சிஸ்டம் ரொம்ப லீன்'. டவுனுக்குள்ள 17 குடுத்துட்டிருந்த வண்டி 13க்கு வந்துடுச்சு.

இங்கதான் எனக்கு தலை சுத்துச்சு. லீன்னா பெட்ரோல் கம்மி, காத்து ஜாஸ்தினு தானே அர்த்தம், பெட்ரோல் கம்மியா போனா மைலேஜ் ஏறணும்ல, எதுக்கு இறங்குது? இந்தக் கேள்விக்கு பதில் புரிஞ்சிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி, அதனால அதை மொதல்ல சொல்லிடறேன்.

ஈசியூக்கு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டருக்கு, உள்ள என்ன எரியுதுனு நேரா தெரியாது. சைலன்சர் ஆரம்பத்துல இருக்கற ஆக்சிஜன் சென்சார் என்ன சொல்லுதோ அதுதான் அதுக்கு வேதவாக்கு. பொகையில ஆக்சிஜன் மிச்சம் இருந்தா 'லீன்', இல்லன்னா 'ரிச்'. சென்சார் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல ஏறி இறங்கிட்டே இருக்கும், 0.45க்கு கீழ லீன், மேல ரிச். இப்ப இன்ஜினுக்கும் சென்சாருக்கும் நடுவுல எங்கயாவது ஒரு ஓட்டை இருந்து வெளிக்காத்து உள்ள போச்சுன்னு வைங்க, இன்ஜின் ஒழுங்காத்தான் எரிச்சிருக்கும், ஆனா சென்சார் அந்தக் காத்தைப் பாத்துட்டு லீன்னு கத்தும், ஈசியூ அதை நம்பி பெட்ரோலை இன்னும் ஊத்தும். கோட் லீன்னு வருது, ஆனா இன்ஜின் உள்ள பெட்ரோல்ல குளிச்சிட்டு இருக்கு. இதான் பொய் லீன். லீன் கோடும் மைலேஜ் அடியும் ஒண்ணா வந்தா நான் மொதல்ல சந்தேகப்படறது இதைத்தான்.

நிஜ லீன்னு ஒண்ணும் இருக்கு. ஃபியூல் பம்ப் வீக், ஃபில்டர் அடைப்பு, இன்ஜெக்டர் அடைப்பு. இதுல மைலேஜ் அடி வாங்குறது வேற மாதிரி, பிக்கப் இல்லாம நீங்க ஆக்சிலரேட்டரை மிதிச்சிட்டே இருப்பீங்க, மிஸ்ஸிங் வேற. இதை ரொம்ப நாள் விடக்கூடாது, ஏத்தத்துல நாக்கிங் சத்தம் வந்தா பிஸ்டனுக்கே ஆபத்து.

எதையும் கழட்டறதுக்கு முன்னாடி

மைலேஜை ஒழுங்கா அளங்க. மீட்டர்ல காட்டற சராசரியை நம்பாதீங்க. ஒரே பங்க், முடிஞ்சா ஒரே பம்ப், நாசில் மொத தடவை தானா கட் ஆனவுடனே நிறுத்திடணும், அதுக்கு மேல 'ரவுண்ட் பண்ணிடுண்ணே' எல்லாம் கூடாது. 200 கிலோமீட்டராவது ஓட்டிட்டு திரும்ப அதே மாதிரி ஃபுல் பண்ணி, ஓடுன தூரத்தை ஊத்துன லிட்டரால வகுங்க. ரெண்டு மூணு தடவை பண்ணுங்க. இது இல்லாம எதை மாத்துனாலும் நல்லாச்சா இல்லையான்னே தெரியாது, மனசுக்கு ஏறுன மாதிரி இருக்கும், அவ்ளோதான்.

அடுத்து ஒரு ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் (வண்டியோட ஸ்கேனர் சாக்கெட்ல சொருகுறது), ஈஎல்எம்327னு சொல்வாங்க, ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கே கிடைக்குது, போன்ல டார்க் (Torque), இல்லன்னா கார் ஸ்கேனர் (Car Scanner) மாதிரி ஒரு ஆப் போட்டுக்கோங்க. இந்தியாவுல 2013 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பெட்ரோல் கார்னா பெரும்பாலும் பேசும், அதுக்கு முந்தின வண்டில சிலது பேசும் சிலது பேசாது.

கோடை அழிச்சிட்டு ஓட்டிப் பாக்கலாம்னு தோணும், தோணுனா கையைக் கட்டிக்கோங்க. கோட் விழுந்த நொடில என்ன ஸ்பீடு, என்ன ஆர்பிஎம், கூலன்ட் எவ்வளவு சூடுனு ஃப்ரீஸ் ஃப்ரேம்ல சேவ் ஆகியிருக்கும், அழிச்சா அதுவும் போயிடும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. பேட்டரி வயரைக் கழட்டி விடறதும் இதே கதைதான்.

ட்ரிம் நம்பர் என்ன சொல்லுது

ஆப்ல ஷார்ட் டேர்ம் ஃபியூல் ட்ரிம், லாங் டேர்ம் ஃபியூல் ட்ரிம்னு ரெண்டு இருக்கும். ஷார்ட் அப்பப்ப பண்ற திருத்தம், லாங் அது பழகிப்போய் நிரந்தரமா வெச்சுக்கிட்ட திருத்தம். ரெண்டையும் கூட்டிப் பாருங்க. ப்ளஸ்னா ஈசியூ கணக்குக்கு மேல பெட்ரோல் ஊத்துது, மைனஸ்னா குறைக்குது. ப்ளஸ் மைனஸ் 10 சதவீதத்துக்குள்ள இருந்தா பெருசா கவலைப்பட வேணாம். 20, 25னு போனா கோட் விழும். இன்ஜின் நல்லா சூடாகி க்ளோஸ்டு லூப்புக்கு (ஈசியூ ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டு பெட்ரோலைத் திருத்தற நிலைக்கு) வந்தப்புறம்தான் இந்த நம்பருக்கு மதிப்பு, காலைல ஸ்டார்ட் பண்ணவுடனே பாத்துட்டு பயப்படாதீங்க.

இப்ப நம்பரை மூணு இடத்துல எழுதிக்கணும். வண்டி நின்ன இடத்துல ஐடிலிங், நின்ன இடத்துலயே 2500 ஆர்பிஎம், அப்புறம் ரோட்ல மூணாவது கியர்ல ஒரு ஏத்தம் ஏறும்போது (அதைப் பக்கத்துல உக்காந்தவங்க பாக்கட்டும், நீங்க ரோட்டைப் பாருங்க). ஐடிலிங்ல ப்ளஸ் நிறைய இருந்து 2500ல நல்லா குறைஞ்சா எங்கயோ காத்து எடுக்குது, ஏன்னா ஓட்டை அதே சைஸ்தான், ஆனா இன்ஜின் ஜாஸ்தி காத்து இழுக்கும்போது அந்த ஓட்டையோட பங்கு சின்னதாயிடும். இதுக்கு நேர் தலைகீழா ஐடிலிங்ல நல்லா இருந்து ஏத்தத்துல ப்ளஸ் ஏறுனா பெட்ரோல் பத்தல, பம்ப், ஃபில்டர் பக்கம் போங்க. எல்லா இடத்துலயும் ஒரே அளவு ப்ளஸ்னா இன்ஜெக்டர் வேற ரகம், சென்சார் தப்பா படிக்குது, இல்லன்னா பெட்ரோலே காரணம்.

பெட்ரோலேவான்னா, ஆமா. சுத்தமான பெட்ரோலுக்கு 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காத்து வேணும், இப்ப பங்க்ல வர்ற ஈ20க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) சுமார் 13.5 போதும், அதாவது அதே காத்துக்கு பெட்ரோல் கொஞ்சம் ஜாஸ்தி ஊத்தணும். பழைய பெட்ரோலுக்கு செட் பண்ண வண்டில ஈ20 ஊத்துனா ட்ரிம் சும்மாவே 4லேர்ந்து 8 வரைக்கும் ப்ளஸ்ல நிக்கும், எத்தனால்ல சக்தியும் கம்மி. நிதி ஆயோக் 2021 அறிக்கையிலயே இந்த மாதிரி கார்களுக்கு 6, 7 சதவீதம் மைலேஜ் குறையும்னு போட்டிருக்காங்க. அதனால ப்ளஸ் 6ஐப் பாத்துட்டு இன்ஜினை மறுபடி இறக்கச் சொல்லி மெக்கானிக் கூட சண்டை போடாதீங்க.

என் வண்டில ஐடிலிங் ப்ளஸ் 22, 2500ல ப்ளஸ் 9.

நிஜமா பொய்யா, ப்ளக்கைக் கேளுங்க

ப்ளக் மேல இருக்கற காயில் மூணையும் கழட்டி ப்ளக்கை எடுத்துப் பாருங்க. லேசா காப்பி கலர், சாம்பல் கலர்னா சரியா எரியுது. வெள்ளையா பொரிஞ்ச மாதிரி இருந்தா நிஜமாவே லீன். கரிப்பொடி அப்புன மாதிரி கருப்பா இருந்து கோட் மட்டும் லீன்னு சொன்னா கோட் பொய் சொல்லுது, சைலன்சர் பக்கம் போங்க. ஒரு ப்ளக் மட்டும் வித்தியாசமா இருந்தா அந்த சிலிண்டர்ல மட்டும் பிரச்சனை, காயில், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் இப்படி. இதுல ஒரு சூட்சமம் என்னன்னா ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் ஆனாலும் எரியாத காத்து அப்படியே வெளிய வந்து சென்சார்ல லீன்னு காட்டும், அதனால வீக்கான காயில்கூட லீன் கோட் வர வெக்கும். ப்ளக்கைப் பாக்கறதுக்கு முன்னாடி கொஞ்ச தூரம் ரோட்ல ஓட்டிட்டு நேரா நிறுத்திப் பாருங்க, பத்து நிமிசம் ஐடிலிங்ல விட்டுட்டுப் பாத்தா எல்லா ப்ளக்கும் கருப்பாத்தான் தெரியும்.

என்னுது மூணும் கரி.

சைலன்சர் ஓட்டை தேடறது

காலைல வண்டி முழுசா ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி பானட்டைத் தூக்கி காது குடுங்க. பொகையை சைலன்சருக்கு சேத்து அனுப்பற மேனிஃபோல்ட் ஹெட்டோட சேர்ற இடத்துல 'டிக் டிக் டிக்'னு ஒரு சத்தம், சூடாகி இரும்பு விரிஞ்சவுடனே மறைஞ்சிடும். நிறைய பேர் இதை டேப்பெட் சத்தம்னு விட்டுடறாங்க, நானும்தான்.

வெளிய பொகை தள்ளற ஓட்டை வழியா எப்படி உள்ள காத்து போகும்னு என் மச்சான் கேட்டான், நல்ல கேள்விதான். பொகை ஒரே சீரா போறதில்ல, ஒவ்வொரு வெடிக்கும் ஒரு தள்ளு, அடுத்த நொடி ஒரு இழுப்பு. அந்த இழுப்புலதான் வெளிக்காத்து உள்ள வருது. ஐடிலிங்ல இந்த இழுப்போட பாதிப்பு ஜாஸ்தி.

கண்டுபிடிக்க நான் பண்ணது வீட்டு வேக்கம் க்ளீனர். ஊதற பக்கத்துல ஓஸை மாட்டி, இன்ஜின் ஆஃப்ல, ஆறின வண்டில, டெயில் பைப்ல துணி சுத்தி சொருகி ஊதவிட்டு, மேனிஃபோல்ட் பேக்கிங், சென்சார் சொருகுற இடம், ஃப்ளேஞ்ச் ஜாயின்ட், வெல்டிங்னு எல்லா இடத்துலயும் சோப்புத் தண்ணிய ஸ்ப்ரே பண்ணுனேன். மூணாவது சிலிண்டர் பக்கம் நுரை பொங்கி வந்துச்சு. கழட்டிப் பாத்தா பழைய பேக்கிங்கையே திரும்ப மாட்டியிருக்காங்க, அதுல ஒரு ஸ்டட்டும் உடைஞ்சு போய் போல்ட்டே இல்ல. இன்ஜின் மாத்தறப்ப இது ரொம்ப சகஜம், துருப்பிடிச்ச ஸ்டட் கழட்டும்போது உடையும், நேரமாச்சுன்னு அப்படியே மூடிடுவாங்க.

புது பேக்கிங், புது ஸ்டட் போட்டு டைட் பண்ணுனா வேலை முடிஞ்சது. மேனிஃபோல்ட் முகம் வளைஞ்சிருக்கான்னு ஒரு ஸ்டீல் ஸ்கேல் வெச்சுப் பாத்துக்கோங்க, வளைஞ்சிருந்தா லேத்துல குடுத்து மட்டம் தட்டணும். பேக்கிங்குக்குப் பதிலா சிலிகான் பேஸ்ட்டை அப்பறதுக்கு மட்டும் விடாதீங்க, சிலிகான் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துடும், அப்புறம் அது தனிச் செலவு.

சென்சாரை மாத்துங்கனு எல்லாரும் மொத நாளே சொல்லுவாங்க. அவசரப்படாதீங்க. சூடான வண்டில ஆக்சிலரேட்டரை சட்டுனு மிதிச்சா வோல்ட் 0.8க்கு மேல போகுதா, ஓட்டும்போது கியர்லயே காலை எடுத்தா பூஜ்யம் கிட்ட வருதா, ரெண்டும் நடந்தா சென்சார் உயிரோட இருக்கு. ஆயிரக்கணக்குல செலவு மிச்சம்.

உள்ள இழுக்கற பக்கம்

இங்க உங்க வண்டில காத்தை எப்படி அளக்குதுனு தெரிஞ்சுக்கணும், இதை யாரும் சொல்றதில்ல. ஏர் ஃபில்டர் பாக்ஸ் தாண்டி குழாய்ல காத்தை நேரா அளக்கற மாஃப் சென்சார் இருக்கற வண்டின்னா (இன்னோவா பெட்ரோல் மாதிரி) அதுக்கு அப்புறம் எந்த ஓஸ்ல ஓட்டை இருந்தாலும் எண்ணாத காத்து உள்ள போகும், நேரா லீன். என் வேகன்ஆர் மாதிரி இன்டேக் மேனிஃபோல்ட்ல (காத்து உள்ள போற பக்கத்து மேனிஃபோல்ட்) அழுத்தத்தை அளக்கற மேப் சென்சார் வெச்ச வண்டில கதை வேற, ஓட்டை வழியா காத்து வந்தா மேனிஃபோல்ட் அழுத்தம் ஏறும், மேப் அதைப் படிச்சிடும், ஈசியூ அதுக்கும் சேத்து பெட்ரோல் குடுத்துடும், அதனால லீனைவிட ஐடிலிங் ஏறிப் போறதுதான் மொத அறிகுறி. மேப் வண்டில ஐடிலிங் சரியா இருந்து லீன் கோட் மட்டும் வந்தா இன்டேக் ஓட்டையை ரெண்டாவதா தேடுங்க.

மேப் சென்சார் சரியான்னு பாக்க ஒரு சுலபமான வழி: சாவி ஆன், இன்ஜின் ஆஃப். அப்ப அது வெளிக்காத்து அழுத்தத்தைத்தான் காட்டணும், சென்னைல 100 கிலோபாஸ்கல் கிட்ட, ஊட்டில 77, 78. சூடான இன்ஜின் ஐடிலிங்ல, ஏசி ஆஃப்ல, சமவெளியில 30லேர்ந்து 40க்குள்ள நிக்கணும். 50க்கு மேலயே நின்னா இன்டேக் ஓட்டை, வால்வு சரியா மூடல, இல்ல டைமிங் செயின் ஒரு பல்லு தள்ளி மாட்டியிருக்கு. செகண்ட்ஸ் இன்ஜின்ல கடைசியா சொன்னதையும் சந்தேகப்படணும், யார் பிரிச்சு மாட்டுனாங்கன்னு நமக்குத் தெரியாதுல்ல.

ஓஸ்ல பிரேக் பூஸ்டருக்குப் போற தடி ஓஸ், பிசிவி ஓஸ் (இன்ஜின் உள்ள சேர்ற ஆவியைத் திரும்ப இழுக்கறது), கேனிஸ்டர் பர்ஜ் வால்வு ஓஸ் (பெட்ரோல் டேங்க் ஆவியை இழுக்கறது) இந்த மூணும்தான் இன்ஜின் இறக்கும்போது கழண்டு, திரும்ப மாட்டும்போது கிளிப் இல்லாம நிக்கறது. கையால அசைச்சுப் பாருங்க. கார்ப் க்ளீனர் அடிச்சுப் பாக்கற பழக்கம் நம்ம ஊர்ல ஜாஸ்தி, சூடான மேனிஃபோல்ட் மேல அது பத்திக்கும், நான் பாத்திருக்கேன், சோப்புத் தண்ணியோட நிறுத்திக்கோங்க.

இன்ஜெக்டர், த்ராட்டில் பாடி, சென்சார் இதெல்லாம் பழைய இன்ஜின்லேர்ந்து எடுத்து புதுசுல மாட்டுனாங்களா, இல்ல வந்தது வந்தபடி விட்டாங்களான்னு கேளுங்க. இன்ஜின் பேர் ஒண்ணா இருந்தாலும் வேற மாடல், வேற வருசம்னா இந்த உறுப்புகள் மாறியிருக்கலாம். உங்க ஈசியூக்குப் பழக்கமானது உங்க பழைய வண்டி உறுப்புகள்தான், நம்பர் ஒத்துப் போகலைன்னா பழசையே மாட்டச் சொல்லுங்க.

எர்த் வயரையும் விட்டுடாதீங்க. பேட்டரி நெகட்டிவ்ல ஒரு முனை, இன்ஜின் பிளாக்ல ஒரு முனை மல்டிமீட்டரை வெச்சு, ஹெட்லைட் போட்டு ஐடிலிங்ல பாருங்க, 0.1 வோல்ட்டுக்கு மேல காட்டுனா எர்த் சரியில்ல, சென்சார் எல்லாம் தப்புத் தப்பா பேசும். பெயின்ட் மேலயே எர்த் போல்ட்டை மாட்டற மகராசனுங்க இருக்காங்க.

பெட்ரோல் பிரஷர் செக் பண்ண கேஜ் வேணும், லைன்ல அழுத்தம் இருக்கும், பெட்ரோல் பீச்சி அடிக்கும், இதை மட்டும் மெக்கானிக் கிட்ட விடுங்க. சின்ன கார்கள்ல பொதுவா 3 பார் சுத்தி இருக்கும், சரியான அளவை உங்க வண்டி மேனுவல்ல பாத்துக்கோங்க.

லீனை சரி பண்ணியும் மைலேஜ் வரலன்னா

பேக்கிங் மாத்துனப்புறம் ட்ரிம் ப்ளஸ் 5க்கு வந்துடுச்சு, கோட் போயிடுச்சு, ஆனா மைலேஜ் 15ஐக்கூட தொடல. கணக்குப் போட்டுப் பாத்தேன், ஐடிலிங்ல 22, ஓடும்போது 9, டவுன் ஓட்டத்துக்கு சராசரியா 15 சதவீதம் கூடுதல் பெட்ரோல்னு வெச்சாலும் 17 ஆனது 14.8க்குத்தான் இறங்கியிருக்கணும், 13க்குப் போனதுக்கு வேற யாரோ காரணம்.

ஆப்ல கூலன்ட் சூட்டைப் பாத்தேன். அரை மணி நேரம் பைபாஸ்ல ஓட்டியும் 62 டிகிரி. 80க்கு மேல நிக்கணும். ஹவுசிங்கைக் கழட்டுனா உள்ள தெர்மோஸ்டாட்டே (இன்ஜின் சூடாகற வரைக்கும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாம தடுக்கற வால்வு) இல்ல. 'பழைய இன்ஜின் கொதிச்சு போச்சுல்ல தம்பி, இது கொதிக்கக் கூடாதுன்னு எடுத்து விட்டுட்டேன்'னாரு மெக்கானிக். அவர் நல்லதுக்குத்தான் பண்ணாரு, நம்ம ஊர்ல பாதி ஒர்க்‌ஷாப்ல இதான் வழக்கம். ஆனா இன்ஜின் சூடாகவே இல்லன்னா ஈசியூ இன்னும் காலைல ஸ்டார்ட் பண்ண வண்டினு நெனச்சு பெட்ரோலைத் தாராளமா குடுக்கும், ஆயிலும் கெட்டியாவே இருக்கும், சிலிண்டர் சுவத்துல பெட்ரோல் வழிஞ்சு ஆயில்ல கலக்கும். கொதிக்காம இருக்க ரேடியேட்டரும் ஃபேனும் நல்லா இருக்கணும், தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடறது வைத்தியம் இல்ல. புதுசு போட்டேன், 16 வந்துச்சு.

மிச்சம் முன்னாடி இடது பிரேக். இன்ஜின் இறக்க டிரைவ் ஷாஃப்டைக் கழட்டும்போது காலிப்பரையும் கழட்டியிருக்காங்க, திரும்ப மாட்டும்போது காலிப்பர் நகர்ற ஸ்லைடு பின்னுக்கு கிரீஸ் இல்ல, பேட் டிஸ்கை உரசிட்டே வந்துச்சு. பத்து கிலோமீட்டர் பிரேக் அதிகம் போடாம ஓட்டிட்டு நாலு வீல் பக்கமும் கையை கிட்ட கொண்டு போங்க, தொடாதீங்க, ஒண்ணு மட்டும் அனலடிச்சா அதான். கூடவே டயர் காத்தும் பாத்துக்கோங்க. கிரீஸ் போட்டு மாட்டுனப்புறம் 16.8, ஈ20 காலத்துல இதுக்கு மேல கேட்டா பேராசை.

ஒவ்வொண்ணா மாத்துங்க, ஒவ்வொரு தடவையும் ட்ரிம்மை ரீசெட் பண்ணி 100 கிலோமீட்டராவது டவுன், பைபாஸ் ரெண்டுலயும் ஓட்டுனப்புறம் நம்பரைப் பாருங்க, லாங் ட்ரிம் பழக நேரம் எடுக்கும். ஒரே நாள்ல சென்சார், பேக்கிங், பம்ப்னு மூணையும் மாத்துனா எது சரி பண்ணுச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாது, பில் மட்டும் தெரியும்.

இன்ஜினுக்கு வாங்குன பில்லைப் பத்திரமா வெச்சு, ஆர்டிஓ ஆபீஸ்ல ஆர்சில புது இன்ஜின் நம்பரை ஏத்திடுங்க, இன்சூரன்ஸ்காரங்களுக்கும் எழுதிக் குடுத்துடுங்க. நான் மூணு வாரம் தள்ளிப் போட்டு அலைஞ்சேன்.